ஊழியத்துக்குப் போகும் திட்டம் மாறிவிட்டதா? சுங்கை சிப்புட் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்ச் சபைகளிலிருந்து சில பிள்ளைகள் மாணவர் ஊழியத்துக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்வதில்லை. அனுமதி வராமல் போகிறது, போக வேண்டிய நாட்டில் கலவரம் வருகிறது, வீட்டில் அப்பா படுத்துவிடுகிறார், அழைத்த பள்ளி கடைசி வாரத்தில் ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்கிறது. அப்போது பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, வாலிபர் கூட்டத்தோடு வெகுநாளாக இருப்பவன். வேத அறிவில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நம் சபைகளில் உண்டு, அவர்களிடமும் கேளுங்கள்.

மாணவர் ஊழியம் என்றால் என்ன?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வுகளை முடித்தவரோ, பல்கலைக்கழகப் படிப்பின் நடுவில் இருப்பவரோ, சில மாதங்கள் முதல் ஒரு வருஷம் வரை வேறோர் இடத்தில் போய்ச் சேவை செய்வது. பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, விடுதியில் பார்த்துக்கொள்வது, மருந்தகத்தில் கூடமாட உதவுவது. பிரசங்கம் குறைவு, பாத்திரம் கழுவுவது அதிகம். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும், சில இடங்களில் கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள்.

ஜெபித்து, உபவாசம் இருந்து, பாஸ்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். பிறகு ஏன் மாறியது? அப்படியானால் அழைப்பே பொய்யா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

பவுலைவிட அழைப்பில் உறுதியானவர் யார்? அவருடைய பயணத் திட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ல் ஆசியாவில் வசனம் சொல்லப் போகிறார், பரிசுத்த ஆவியானவர் தடுக்கிறார். சரி, பெத்தினியாவுக்குப் போகலாம் என்று திரும்புகிறார், அதுவும் முடியவில்லை. இரண்டு கதவும் மூடியபின் துரோவா வரை வருகிறார். ‘மக்கெதோனியாவுக்கு வா’ என்ற தரிசனம் அங்கேதான் கிடைக்கிறது. அதுவரை நடந்த தூரமெல்லாம் ‘எங்கே போகிறோம்’ என்று தெரியாமல் நடந்ததுதான். ஆவியானவர் எப்படித் தடுத்தார் என்று லூக்கா எழுதவே இல்லை. நோயா, ஆட்கள் எதிர்த்தார்களா, உள்ளத்தில் ஒரு தயக்கமா, நமக்குச் சொல்லப்படவில்லை.

அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, ‘உங்களிடம் வர இரண்டொருதரம் பார்த்தோம், சாத்தான் தடைசெய்தான்’ என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:18). கொரிந்துக்காரர்கள் விஷயத்தில் வேறு கதை. வருவதாகச் சொல்லிவிட்டு வராததால், ‘இவர் பேச்சு ஆம் என்றும் இல்லை என்றும் மாறுகிறது’ என்று அவர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதற்கு அவர், ‘உங்களைத் தப்பவிடும்படிக்கே வராமலிருந்தேன்’ என்று எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1). அதாவது அந்த மாற்றம் அவரே யோசித்துச் செய்தது.

ஒரே ஊழியர். மூன்று மாற்றங்கள். ஒன்றை ஆவியானவர் செய்தார் என்கிறார், ஒன்றைச் சாத்தான் செய்தான் என்கிறார், ஒன்றைத் தானே செய்ததாகச் சொல்கிறார். மூன்றுக்கும் நடுவில் அவருடைய அழைப்பு மாறவில்லை. திட்டம் மாறியதை வைத்து அழைப்பை அளக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸ்பானியா விஷயமும் உண்டு. ரோமர் 15-ல், உங்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்பானியாவுக்குப் போவேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ரோமாபுரிக்கு வந்தார்தான், ஆனால் கைதியாக, மெலித்தா தீவில் கப்பல் உடைந்த பிறகு. நடபடிகள் புத்தகம் அவரை ஒரு வாடகை வீட்டில் இரண்டு வருஷம் உட்காரவைத்தே முடிந்துவிடுகிறது. ஸ்பானியா பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அப்படியென்றால் என்னுடைய மாற்றம் யாரால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல நேரம் முடியாது. கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் சபைகளில் ஒரு பழக்கம், யாருக்காவது ஏதாவது தட்டிப்போனால் ஆராதனை முடிவதற்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுவோம். ‘ஆபத்திலிருந்து ஆண்டவர் காப்பாற்றினார்’ என்பார் ஒருவர். ‘பிசாசின் தடை, இன்னும் ஜெபிக்க வேண்டும்’ என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்குமே தெரியாது. ஆண்டவரை நம்புவது வேறு, அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அடித்துச் சொல்வது வேறு. முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையில்லை.

கண்டுபிடிக்க வேண்டியது வேறொன்று: நடந்தது என்ன? சரவாக் உள்பகுதிப் பள்ளி ஒன்றுக்குப் போவதாக இருந்து ‘அனுமதி கிடைக்கவில்லை’ என்று செய்தி வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே கதவு மூடிவிட்டது என்று அழ வேண்டாம். தீபகற்ப மலேசியர்கள் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டி சரவாக்கில் பார்வையாளராக 90 நாள்வரை இருக்கலாம். தங்கி வேலை செய்வது, ஊழியம் செய்வது என்று வந்தால் கணக்கே வேறு, அதற்கு மாநிலத்தின் தனி அனுமதி வேண்டும். 1963-ல் மலேசியா உருவானபோதே சபாவும் சரவாக்கும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. ஆக, விண்ணப்பம் தாமதமா, தவறான வகையில் போட்டுவிட்டார்களா, அழைத்த சபையின் கடிதம் போகவில்லையா, நிஜமாகவே மறுப்பா? இவை நான்கும் நான்கு விஷயம். ஒரு கடிதம் விடுபட்டதற்குப் போய் ஆண்டவருடைய சித்தத்தை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. கடிதத்தை அனுப்புங்கள்.

எல்லாரும் எரேமியா 29:11-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எனக்கு ஆறுதலே வரவில்லை.

வராததில் ஆச்சரியம் இல்லை. தாமரைப்பூ படத்தின்மேல் ஒட்டி அனுப்பினால் எந்த வசனத்துக்கும் அந்தக் கதிதான்.

அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியா, இல்லை, எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அதைக் கேட்டவர்களில் வயது வந்தவர்கள் பெரும்பாலோர் அங்கேயே கண்மூடியிருப்பார்கள். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்ற அந்த 11-ஆம் வசன வாக்கு அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. அதற்கு முன்னால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

அடுத்த மாதம் விசா வந்துவிடும் என்ற உத்தரவாதம் அந்த வசனத்தில் இல்லை. விசா வராவிட்டாலும் ஆண்டவர் உன்னை மறக்கவில்லை என்பது இருக்கிறது. இப்படிப் படித்தால் எனக்கு அது இன்னும் பலமான வசனம்.

கோபமாக இருக்கிறது. ஆண்டவர்மேல் கோபப்படலாமா?

அவரிடமே சொல்லுங்கள். சங்கீதம் 13-ன் முதல் இரண்டு வசனத்தில் தாவீது நான்குதரம் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டாகவே முடிகிறது, சமாதானமான ஒரு முடிவுரைகூட அதற்கு இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

சபைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டம் உடைந்த பிள்ளையை அடுத்த ஞாயிறே மேடையில் ஏற்றி சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள்.

மாற்றத்துக்குக் காரணம் அனுப்பும் அமைப்பின் அலட்சியம். அதையும் ஆண்டவருடைய சித்தம் என்று வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். யோசேப்பு தன் அண்ணன்மாரிடம், ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்றார். முதல் பாதியை அவர் விழுங்கிவிடவில்லை. தீமையைத் தீமை என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் பாதிக்கு வருகிறார்.

நம் ஊருக்கே இது தெரிந்த கதை. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், வேலையும், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடும் ஒரே நாளில் போனது. தலையெழுத்து என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் கட்சிக்குத் தலைவராக இருந்த துன் சம்பந்தன் அப்படி உட்காரவில்லை. 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை, அது வேறு விஷயம். ‘எல்லாம் விதி’ என்பதும் ‘எல்லாம் சித்தம்’ என்பதும் சில வாய்களில் ஒன்றாகிவிடுகின்றன, அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆகவே மரியாதையாக எழுதிக் கேளுங்கள். என்ன நடந்தது, யார் பொறுப்பு, கட்டிய பணம் எவ்வளவு திரும்பும், அடுத்த பிள்ளைக்கு இப்படி நடக்காமல் என்ன செய்யப் போகிறீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இது விசுவாசக் குறைவு ஆகாது.

போக நினைத்தது ஆப்பிரிக்கா. இப்போது இலங்கை மலையகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

முதலில் ஒரு கதை. அமெரிக்காவிலிருந்து 1812-ல் அதோனிராம் ஜட்சன் என்ற இளைஞர் மனைவியோடு இந்தியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறினார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி இருக்க விடவில்லை. மொரீஷியஸ் போனார்கள். அங்கிருந்து நம் பினாங்குக்கு வர எண்ணி, கப்பல் தேடி மெட்ராஸ் வந்தார்கள். பினாங்குக்குக் கப்பல் இல்லை. ரங்கூன் போகும் கப்பல் ஒன்றுதான் இருந்தது. அதில் ஏறி 1813 ஜூலையில் பர்மாவில் இறங்கினார்கள். முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். பிற்பாடு பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தவர் அவர்தான். பினாங்கு அவருக்குக் கிடைக்கவில்லை, அவரும் பினாங்குக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக, மாற்றிக் கொடுக்கும் எந்த இடத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. அங்கே உங்களுக்குப் பொறுப்பானவர் யார், எங்கே தங்குவீர்கள், தனி அறையா, உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவமனை, வேலை என்ன என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெண்பிள்ளைகள் இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

ஆனால் மலையகம் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களும் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். லயம் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், மொழியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் முதல் ஆறு மாதம் பேச்சுப் பழகவே போயிருக்கும். தூரம் அதிகமானால் ஊழியம் பெரிது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. விமான நிலையத்தில் எடுக்கும் குழுப் படத்துக்கு அதில் கொஞ்சம் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வழியனுப்பு ஜெபம் முடிந்து காணிக்கையும் வாங்கியாகிவிட்டது. பணத்தை என்ன செய்வது?

தாமதிக்காமல் செய்ய வேண்டியது இது. பணம் கொடுத்தவர்களில் ரப்பர் பால் வெட்டியும் பலகாரம் விற்றும் கொடுத்தவர்கள் இருப்பார்கள்.

இதுவரை செலவானதை ஒரு தாளில் எழுதுங்கள்: டிக்கெட், தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பத்திரக் கட்டணம். ரசீதுகளோடு சபைப் பொருளாளரிடம் கொடுங்கள். மிச்சத்தைப் பற்றிக் கொடுத்தவர்களிடமே கேளுங்கள்: திருப்பித் தரவா, புறப்பாடு தள்ளிப்போனால் அதுவரை சபைக் கணக்கில் வைக்கவா, வேறு மாணவருக்குப் போகலாமா? ‘வேண்டாம்பா, வச்சுக்கோ’ என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படியும் கேட்க வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் அந்தப் பணம் கிடக்கவே கூடாது. காலேஜ் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் அது கண்ணில் படும். விமான டிக்கெட்டுக்கு முழுப்பணம் திரும்பாது என்றாலும் விமான நிலைய வரியை மட்டுமாவது கேட்டு வாங்க முடியும், விசாரியுங்கள்.

‘என்னாச்சு, போகலையா?’ என்று பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பார்ப்பவரெல்லாம் கேட்கிறார்கள்.

‘தள்ளிப்போச்சு ஆன்ட்டி, தெரிஞ்சதும் சொல்றேன்.’ இவ்வளவு போதும். அப்பம் வாங்க வந்த இடத்தில் முழு விளக்கம் கொடுக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம். அதனால்தான் நின்றுவிட்டேன். ஆனால் ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்று இயேசு சொன்னாரே என்கிறார்கள்.

அதைச் சொன்னவரே, காணிக்கை என்ற பெயரில் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை மாற்கு 7-ல் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களை அடிப்பவர்களிடம் மீதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

மாற்கு 5-ஐயும் பாருங்கள். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து குணமானவன் இயேசுவோடு வர வேண்டும் என்று கெஞ்சுகிறான். நல்ல ஆசைதானே? இயேசு ஒத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்கும் உன் இனத்தாரிடத்துக்கும் போ என்கிறார். அவன் போய் தெக்கப்போலி நாடெங்கும் சொல்கிறான். கூட்டிப்போகும்படி வேண்டிக்கொண்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன்.

அப்பாவை ஈப்போ மருத்துவமனைக்குப் பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதும் ஊழியமா என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அது நல்லது, அவ்வளவுதான். அம்மாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால், ஊழியத்துக்குப் போகத் துணிந்த பிள்ளை என்பதால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

படிப்பைத் தள்ளிவைத்துவிட்டேன். இப்போது என்ன?

பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே திரும்பிச் சேர முடியுமா, எந்தத் தவணைக்குள் எழுத வேண்டும் என்று இந்த வாரமே கேளுங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் இருந்தால் அவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். ஜெபித்துக்கொண்டே தேதியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

காலியாக இருக்கும் மாதங்களில் இங்கேயே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். முதல் இரண்டு மூன்று வாரம் சும்மாவும் இருக்கலாம். தூங்குங்கள்.

பிறகு, தோட்டத்திலும் தாமான் குடியிருப்புகளிலும் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர ஆள் தேவை. கணக்கும் மலாயும்தான் அவர்களுக்குத் தட்டுகிறது. போக இருந்த இடத்தில் பாடம் நடத்தத் தயாரித்த அட்டைகள் அப்படியே உதவும். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். டியூஷன் என்று கூப்பிட்டுவிட்டு இடையில் வேதபாடம் நுழைக்காதீர்கள். அவர்கள் அம்மா அப்பா நம்மை நம்பி அனுப்புகிறார்கள். கேட்டால் சொல்லுங்கள், மறைக்கவும் வேண்டாம், தூண்டில் போடவும் வேண்டாம்.

செம்பனைத் தோட்டங்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். மருத்துவமனைப் படிவம் நிரப்ப, வீட்டுக்குப் பணம் அனுப்ப அவர்களுக்கு உதவி தேவைப்படும். அவர்களில் முஸ்லிம்கள் பலர். அவர்களிடையே பிற சமயப் பிரசாரத்தை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4)-ஆம் பிரிவு இடம் தருகிறது. உதவி உதவியாகவே இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், பிள்ளை போகாதது எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தப்பா?

இல்லை. மூன்று வருஷத்தில் திரும்பிவிடும் என்று நம்பி, நாகப்பட்டினத்தில் மலாயா போகும் ரஜூலா கப்பலுக்குக் கைகாட்டி நின்ற தாய்மார்களின் வம்சம் நாம். பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பிள்ளைக்கு முன்னால் ‘ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது பிள்ளையின் ஜெபத்துக்கு எதிராகப் போட்ட ஜெபம் போலக் கேட்கும்.

மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. கடப்பிதழில், பயணம் செய்யும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், பல நாடுகள் அதைக் கேட்கும். ஆப்பிரிக்காவுக்காக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருந்தால் சான்றைப் பத்திரமாக வையுங்கள். 2016-லிருந்து அது வாழ்நாள் முழுக்கச் செல்லும். டைஃபாய்டு ஊசி அப்படியல்ல, சில வருஷத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும். புது விண்ணப்பத்தில் ‘முன்பு ஏன் போகவில்லை’ என்ற கேள்விக்கு நடந்ததை இரண்டே வரியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் பழையதாகியிருக்கும், பாஸ்டரிடம் புதிதாகக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்டால் கிடைக்காது, நவம்பருக்குள் கேட்டுவிடுங்கள்.